பெண் உடைக்கு 2 வருட ஜெயில்

பொம்பளை டிரெஸ்ல வெளியே போறவருக்கு "யாராவது கண்டுபிடிச்சிடுவாங்களோ"ங்கற பயம் ஏன்? அதுல ஒரு பங்கு சட்டம் போட்டது.

1871 குற்றப் பரம்பரைச் சட்டம், வட இந்தியாவில் ஹிஜ்ராக்களுக்குப் போலீஸ் பதிவேடு திறந்தது. அதில் பெயர் ஏறியவர் பெண் உடையில் தெருவுக்கு வந்தால் வாரண்ட் இல்லாமலே கைது. 2 வருடம் வரை சிறை.

மொராதாபாத் கைராத்தி, பெண் உடையில் பெண்களோடு பாடியவர். சந்தேகத்தில் பிடித்து, உடலைப் பரிசோதித்து, 377-ல் தண்டித்தார்கள். எப்போது, எங்கே, யாருடன்? எதற்கும் ஆதாரமில்லை. 1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

2014 நால்சா தீர்ப்பு, உடை வழியாகப் பாலினத்தை வெளிப்படுத்துவதும் கருத்துரிமைதான் என்றது. ஆனா பழைய சட்டம் செஞ்ச வேலையை, கும்மிடிப்பூண்டி பஸ்ல நம்ம பார்வை இன்னும் செஞ்சிட்டிருக்கு.