தரங்கம்பாடி தரும் பாடம்

தரங்கம்பாடிக்கு உல்லாசப் பயணம் செல்வோர் 1620-இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டையையும் கடலையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். நாம் அறிய வேண்டிய வரலாறு வேறொன்றும் அவ்வூருக்கு உண்டு.

1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்க் 1714-இல் தமிழில் அச்சிட்ட நற்செய்தி நூல், பின்னாளில் தஞ்சைப் படைவீரர் இராஜநாயக்கன் கையை எட்டியது. பறையர் குலத்தில் பிறந்த அவர் அதனைக் கற்றுத் தெளிந்தார். தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து உபதேசியாராகப் பல்லாண்டு உழைத்தார். எனினும் குருப்பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1733-இல் அதனைப் பெற்றவர் வேளாளரான ஆரோன். இராஜநாயக்கன் கையால் நற்கருணை பெற மேல்சாதிக் கிறித்தவர் இசையார் என மிஷனரிமார் அஞ்சினர்.

கல்வி அவரை உயர்த்தியது. சாதியோ வாயிலை அடைத்தது. ஆகவே இளைஞர்களே, கற்போம்; கற்றதோடு அமையாமல் உரிமையையும் கேட்டுப் பெறுவோம்.