பராபரன் எங்கே போனார்?

தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ ஏதாவதொரு புராட்டஸ்டண்ட் ஆலயத்தின் ஞாயிறு ஆராதனையைக் காது கொடுத்துக் கேளுங்கள். மேடையில் வாசிக்கும் வேதாகமத்தில் கடவுளுக்குப் பெயர் தேவன். ஜெபம் தொடங்கினால் ஆண்டவரே, கர்த்தாவே. ஆர்மோனியம் ஒலித்துக் கீர்த்தனை எடுத்ததும் பரன், பராபரன். இவற்றில் பராபரன் ஒன்றுதான் பாட்டுக்கு வெளியே யார் வாயிலும் வராத சொல். ஆனால் தரங்கம்பாடி, தஞ்சாவூர்ச் சபைகளின் தாத்தா, பூட்டன் காலத்தில் அதுவே வேதப் புத்தகத்தின் சொல். அது வந்ததும் போனதும் பெரும்பாலும் காவிரிப் படுகையை ஒட்டி நடந்த கதை.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பரம் என்றால் மேலானது, அப்பாலானது. அபரம் அதன் எதிர்ப்பக்கம்: பின்னது, இப்பாலானது. ஈமச் சடங்கை அபரக்கிரியை என்கிறோமே, அந்த அபரம்தான். இரண்டும் சேர்ந்தால் பராபரம், எட்டாத தொலைவும் எட்டும் அண்மையும் ஒன்றேயான பொருள். மேலானவற்றுக்கெல்லாம் மேலானது என்று உரை சொல்வாரும் உண்டு. அந்தப் பொருளுக்குப் பராற்பரம் என்று தனியாகவே ஒரு சொல் இருப்பதால் எனக்கு முதல் பொருளே பிடித்திருக்கிறது. கிறிஸ்தவ இறையியல் கடவுளின் இயல்பைப் பற்றிச் சொல்ல வருகிற முதல் இரண்டு செய்திகளும் அதில் அடங்கிவிடுகின்றன. படைப்புக்கு அப்பால் நிற்பவர் அவர், மாட்டுத் தொழுவம் வரை இறங்கி வந்தவரும் அவரே.

சொல் கிறிஸ்தவர்கள் செய்தது அல்ல. திருவாவடுதுறை அரசமரத்தடியில் இருந்து திருமூலர் பாடினார் என்பது சைவ மரபு. அவருடைய திருமந்திரத்திலேயே பராபரன் இருக்கிறான். வேதாரணியத்துக் குடும்பத்தில் வந்த தாயுமானவர் 18ஆம் நூற்றாண்டில் 389 கண்ணிகளை வரிசையாகப் பராபரமே என்று முடித்துப் பாடினார். அவரிடம் அது பராபரம், மகர ஈறு, அஃறிணை. அதையே பராபரன் என்றால் ஆள். இந்த ஓரெழுத்து வேறுபாட்டைப் பிறகு பார்க்கலாம்.

பராபரனுக்கு முன்னால் இரண்டு சொற்கள் கிறிஸ்தவத் தமிழில் இடம் பிடித்திருந்தன. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான அண்டிரிக் அடிகளாரின் சின்னஞ்சிறு நூலின் பெயரே தம்பிரான் வணக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் அதுவே மூத்தது. முத்துக்குளித்துறையில் தம்பிரான் என்ற சொல் பொருந்தியிருக்கலாம். காவிரிக் கரையில் தம்பிரான் என்றால் வேறு ஆள். தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் மடங்களில் காவி கட்டிய துறவி. அதிலும் கட்டளைத் தம்பிரான் என்பவர் கோயில் நிலத்து நெல்லுக்குக் கணக்குப் பார்ப்பவர். குத்தகை பாக்கி கேட்கிறவரின் பட்டத்தைக் கடவுளுக்குச் சூட்டினால் இங்கே எடுபட்டிருக்காது என்பது என் ஊகம்.

இரண்டாவது சொல் சருவேசுரன். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இதை நிலைநாட்டினார். ஈசுரன் என்றால் சிவன். அதற்கு முன்னால் சருவ என்று சேர்த்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஈசன், எந்த ஒரு மதத்தின் ஈசனும் அல்ல. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களில் அது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

1706 ஜூலை 9 அன்று டேனிஷ் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். மணலில் குந்திப் பிள்ளைகளோடு எழுத்துப் படித்தார் என்பார்கள். கத்தோலிக்கர் எழுதிவைத்த தமிழ்ச் சுவடிகள் அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றிலிருந்து சருவேசுரன் உட்படப் பல சொற்களை எடுத்துக்கொண்டார். அவருடைய காது அதோடு நிற்கவில்லை. ஊர்ப் பண்டாரங்களோடும் புலவர்களோடும் பேசிப் பேசி, சுவடிகளைத் திரட்டி, 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரிசையை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். அந்த நூலின் முதல் தெய்வம் சிவனும் அல்ல, திருமாலும் அல்ல. பராபரவஸ்து. இந்த மக்கள் பல தெய்வங்களைக் கும்பிட்டாலும் எல்லாவற்றுக்கும் மேலே உருவில்லாத ஒரு பொருளை அறிந்திருக்கிறார்கள் என்று அவர் ஐரோப்பாவுக்கு எழுதியபோது, ஆதாரமாக அவர் கையில் இருந்தது இந்தச் சொல். ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் மேலதிகாரிகளுக்கு அது ரசிக்கவில்லை. புறச்சமயத்தாரின் பொய்யைப் பரப்பவா அங்கே அனுப்பினோம் என்ற தொனியில் ஒதுக்கிவிட்டார்கள். நூல் சென்னையில் அச்சேறியது 1867இல்.

அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடி அச்சகத்தில் முழுமையானது. தமிழ் நடை கரடுமுரடுதான். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர், லுத்தரன்களை மறுத்து எழுதிய நூல்களில் இந்தத் தமிழைக் காய்ச்சி எடுத்தார். தேம்பாவணி எழுதிய கைக்கு அந்த உரிமை உண்டு.

நடையைச் செப்பனிட்டவர் பப்ரிசியுஸ். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742இல் சென்னை வேப்பேரிக்குப் போனவர். சொல் சொல்லாகப் படித்துக் காட்டி, கேட்பவர் முகம் சுளித்தால் திருத்தி எழுதியவர். 1772இல் வெளிவந்த அவருடைய புதிய ஏற்பாட்டில் கடவுள் பராபரன். தாயுமானவரின் அஃறிணைப் பராபரமும் இல்லை, சீகன்பால்கு கேட்டறிந்த பராபரவஸ்துவும் இல்லை. வஸ்துவைக் கைவிட்டு அன் விகுதி போட்டதில் ஒரு கொள்கை இருக்கிறது. பொருளிடம் ஜெபிக்க முடியாது. அது கேட்காது, கோபிக்காது, மன்னிக்காது. வேதாந்தியின் உச்சச் சொல்லை எடுத்து அதைப் பேசுகிற ஆளாக்கிவிட்டது ஒரு விகுதி. தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகத் துணிச்சலான இலக்கண வேலை இது என்பேன்.

இனி தஞ்சாவூர். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையிலிருந்து அழைத்துவந்து வளர்த்த பையன் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சரபோஜி மன்னருக்கு இளமைத் தோழர். பப்ரிசியுஸின் வேதாகமமே அவருடைய தாய்ப்பால். பெத்லகேம் குறவஞ்சி, ஞான ஏற்றப்பாட்டு, பராபரன் மாலை என்று எழுதிக் குவித்தார். குறத்தியும் ஏற்றம் இறைப்பவனும் பாடுகிற மெட்டுகளில் பராபரன் ஏறி உட்கார்ந்தது அவரால்தான். அறிஞர் சொல் கூத்தாடியின் வாய்க்கு வந்தது. இன்றும் கீர்த்தனைகளில் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறதென்றால் அவர் போட்ட விதையே முதல் காரணம்.

1820களில் ரேனியுஸ் என்னும் மிஷனரி வேதாகமத்தைத் திருத்தப் புகுந்தார். தஞ்சாவூர்ச் சபை கொதித்தது. சாஸ்திரியார் புதுத் திருத்தலின் கூக்குரல் என்றே தலைப்பிட்டு எழுதினார். நூறு ஆண்டாகக் கேட்டு அழுத, பாடிய, சாகும் வேளையில் சொன்ன சொற்களை ஒரு வெள்ளைக்காரர் மாற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. இங்கே சாஸ்திரியார் பக்கம் நிற்க எனக்குத் தயக்கமில்லை.

தயக்கம் அடுத்த வரியில் வருகிறது. அதே சண்டையில் அதே ஆட்கள் முன்வைத்த இன்னொரு குறை, ஆலயத்தில் சாதி வித்தியாசம் பாராமல் உட்காரச் சொல்கிறார்கள், இராப்போஜனத்தில் கலக்கச் சொல்கிறார்கள் என்பது. கல்யாணப் பூவையும் தமிழ்ப் பாட்டையும் தடுத்ததற்கு எதிரான முறையீட்டோடு இதுவும் ஒன்றாகக் கட்டப்பட்டு வந்தது. பழக்கம் புதிதல்ல. தஞ்சை மன்னர் படையில் சேவித்த ராஜநாயக்கன், சீகன்பால்கின் சுவிசேஷப் புத்தகத்தைத் தானே படித்து மனம் மாறி, கிராமம் கிராமமாகப் போதித்தவர். 1741இல் ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆள் தேடியபோது அவருக்குக் கிடைக்கவில்லை. தியோகு என்பவருக்குக் கிடைத்தது. பறையரான ராஜநாயக்கன் கையால் இராப்போஜனம் வாங்க மற்றவர்கள் வரமாட்டார்கள் என்பதே காரணம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டம் பணியவில்லை. அப்பாலும் இப்பாலும் ஒருவனே என்று பாடிக்கொண்டே பந்தி பிரித்தார்கள். பராபரனுக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை ரேனியுஸின் பேனா செய்துவிடவில்லை.

சொல்லை இறுதியாக வெளியேற்றியது 1871இல் முழுமையடைந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் பல சபைகள் கூடிச் செய்தது. அங்கே தேவன் அமர்ந்தார். ஒரு நடைமுறைக் காரணம் எளிதில் தெரிகிறது. வேதாகமத்துக்கு ஒரே கடவுளையும் சொல்ல வேண்டும், கும்பிடக்கூடாத மற்றத் தெய்வங்களையும் அதே சொல்லால் சுட்ட வேண்டும். தேவன், தேவர்கள் என்று அது மடங்கும். பராபரனுக்குப் பன்மை கிடையாது. அதன் பெருமையே மொழிபெயர்ப்பாளனுக்கு இடைஞ்சல்.

ஆனால் தஞ்சாவூர் மண்ணில் தேவன் அவ்வளவு தூய சொல்லா? பெரிய கோயில் கல்வெட்டில் அரசனே உடையார் ஸ்ரீராஜராஜதேவர். கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம். பக்கத்துத் தெருவில் தேவர் என்பது சாதிப் பட்டம். இத்தனை சுமையோடு வந்த சொல்லைச் சபையார் ஓர் இலக்கண வினோதத்தால் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்: எழுவாய் ஒருமை, வினை மரியாதைப் பன்மை. தேவன் வந்தார், தேவன் பேசினார். பள்ளிக்கூட இலக்கணத்தில் பிழை. ஆலயத்தில் அதுதான் சரி. ஒருவனே என்ற கோட்பாடு பெயரிலும் அவர் பெரியவர் என்ற பணிவு வினையிலும் போய் ஒட்டிக்கொண்டன.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் கடவுள் என்ற சங்ககாலச் சொல்லை எடுத்தது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளையின் உரைநடையில் அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இயல்பாக உலவிய சொல். கத்தோலிக்க ஆலயங்களில் அது நின்றுவிட்டது. புராட்டஸ்டண்ட் மேடைகளில் பெரும்பாலும் இன்னும் 1871தான். இதற்கிடையே ஜனங்கள் யாரையும் கேட்காமல் ஆண்டவரைத் தேர்ந்துகொண்டார்கள். பழனி ஆண்டவர், நாகூர் ஆண்டவர், இயேசு ஆண்டவர். நாகப்பட்டினத்தில் பஸ் ஏறுகிறவர் வடக்கே நாகூர் போகிறாரா, தெற்கே வேளாங்கண்ணி போகிறாரா என்பது அந்தச் சொல்லை வைத்துத் தெரியாது.

ஆலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கீர்த்தனைகளில் வாய்க்குள் நுழையாத சொற்களை எடுத்துவிட்டுப் புதிய சொல் போடும் வழக்கம் பரவி வருகிறது. பராபரனை எடுக்காதீர்கள். ராகம் சொல்லிக்கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, பரம் எது, அபரம் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ராஜநாயக்கன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.