தன்னை இழந்து படகைக் காக்கும் துத்தநாகம்

கடலில் ஓடும் உல்லாச மோட்டார் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும்போது, புரொப்பெல்லர் தண்டில் திருகியுள்ள துத்தநாகத் துண்டைக் கவனியுங்கள். அரித்துப் போயிருக்கிறதா? மகிழுங்கள், அது தன் கடமையைச் செய்திருக்கிறது!

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுக்களைத் தடுக்க, 'அலார்ம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடுகளைப் போர்த்தியது. மரம் தப்பியது, இரும்பு ஆணிகளோ அரித்துப் போயின. தகட்டுக்கும் ஆணிக்கும் இடையே காகிதம் ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு பிழைத்திருந்தது. ஏன்? உப்புநீரில் இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு மின்கலமே. எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம் கரையும், மற்றது காக்கப்படும்.

1824-இல் ஹம்ப்ரி டேவி இந்தக் கேட்டையே மருந்தாக்கினார். துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்திச் செம்பைக் காத்தார். ஆனால் செம்பு கரையாததால் அதன் நச்சு நீரில் கலக்கவில்லை. பாசியும் ஒட்டுயிரிகளும் அப்பிக்கொள்ள, கப்பல்கள் வேகம் இழந்தன. கடற்படை அம்முறையைக் கைவிட்டது.

டேவியின் தத்துவம் தோற்கவில்லை. இன்று உங்கள் படகைக் காப்பது அதுவே. ஆகவே, துண்டு பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பொருத்துமிடத்தை உப்புத்தாளால் நன்கு தேயுங்கள். துத்தநாகத்தின்மேல் மட்டும் பெயின்ட் பூசாதீர்கள். பூசினால் அடுத்து அரிக்கப்படுவது புரொப்பெல்லராக இருக்கலாம்!