ஆதியாகமப் பிரளய விருத்தாந்தத்தின் முரண்பாடுகள்

எபிரேய வேதத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில், 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்களில் விரியும் நோவாவின் பிரளய விருத்தாந்தத்தை நிதானமாக வாசிப்போர், ஒரே சம்பவம் இருவேறு கணக்குகளோடு கூறப்படுவதைக் காண்பர். சகல ஜீவன்களிலும் ஆணும் பெண்ணுமாக ஒவ்வொரு ஜோடியைப் பேழைக்குள் சேர்க்குமாறு ஆறாம் அதிகாரம் கட்டளையிட, ஏழாம் அதிகாரமோ சுத்தமான மிருகங்களில் ஏழேழு வேண்டுமென்கிறது. வெள்ளம் வடிந்தபின் நோவா பலிபீடம் கட்டிச் சுத்தமான மிருகங்களையே தகனபலியிடுகிறான். ஒரு ஜோடி மட்டுமே இருந்திருப்பின், அப்பலியோடு அவ்வினங்கள் அற்றுப்போயிருக்கும் என்பதை நோக்க, இவ்வேற்றுமை எழுதியவரின் கவனக்குறைவன்று என்பது தெளிவாகும்.

1753-இல் ழான் அஸ்த்ருக் என்னும் பிரெஞ்சு வைத்தியர், தெய்வநாமங்கள் மாறிவருவதைக் கொண்டு, ஆதியாகமத்தில் தனித்தனி மூலங்கள் இணைந்துள்ளன என்றார். அவ்வழியை விரித்த ஜெர்மானியராகிய வெல்ஹவுசன் முதலானோர், அம்மூலங்களுள் ஆசாரியர் மரபைச் சார்ந்ததாகிய ஆசாரிய மூலம் மோசேக்கு முன் பலியை ஒப்பாததால், அதற்கு மிகை மிருகங்கள் வேண்டியதில்லை என்று விளக்கினர். முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பின்னும், இரண்டாம் அதிகாரத்தில் அவற்றுக்கு முன்னும் மனிதன் சிருஷ்டிக்கப்படுவதும் இவ்வாறே தனித்தனி மூலங்களைக் கொண்டு விளக்கப்படுகிறது.

ஆறாம் அதிகாரத்தின் பொதுக் கட்டளையை ஏழாம் அதிகாரம் விவரிக்கிறது என்பதும், வெள்ளத்தின் காலம் 40 நாள் என்றும் 150 நாள் என்றும் வருவதில், மழை பெய்த 40 நாள் வெள்ளம் மேலோங்கிய 150 நாளில் அடங்கும் என்பதும் மரபுவழி உரைகாரர் சமாதானம். நாட்கணக்கிற்கு இது பொருந்தும். சிருஷ்டியின் வரிசைக்கு அத்துணை எளிதில் பொருந்துவதன்று.