காணாமல் போகும் வித்தையும் கோவலன் கொலையும்

சென்ற மாதம் படப்பையில் அக்காள் வீட்டில் ஒரு பகற்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. மருமகனும் அவன் தோழர்கள் மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டியபடி உரக்க வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். மந்திரத்தால் உருமறைந்து நின்ற வீரன் ஒருவன் எதிரியை வெட்டிவிட்டான். இனியும் அவன் மறைந்தே இருக்கலாமா என்பது வழக்கு. புத்தகத்தைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னார்கள்: கூடாது.

அது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டது. அதில் உருமறைப்பு மந்திரத்துக்குக் கறாரான விதிகள் உண்டு. இப்போதைய பதிப்புகளின்படி, மறைபவன் உடுத்ததும் சுமப்பதும் அவனோடு மறையும்; காலடித் தடமும் ஓசையும் மறையா; மிஞ்சினால் ஒரு மணி நேரம்; தாக்கினால் அக்கணமே மந்திரம் கலையும். மாயத்துக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்டேன். “இல்லாவிட்டால் மற்றவர்கள் ஆடவே முடியாது, மாமா” என்றான் மருமகன். அந்தப் பதில் வீடு திரும்பும் வரை என்னோடு வந்தது.

விதி வகுக்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று. அர்த்தசாஸ்திரத்தின் பதினான்காம் அதிகரணம் உருமறையும் முறைகளைச் சமையற்குறிப்பைப் போல அடுக்குகிறது. மூன்று இரவு உண்ணாதிருந்து, பூச நாளில், ஆயுதத்தால் மாண்டவனின் மண்டையோட்டில் மண் நிரப்பி, வாற்கோதுமை விதைத்து, ஆட்டுப்பால் வார்க்க வேண்டும். முளைத்த பயிரை மாலையாக அணிந்தவன் உருவமும் நிழலும் இன்றி உலவுவான். நிழலையும் நினைத்துப் பார்த்திருக்கிறார் ஆசிரியர்! தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்கு அளித்த சுவடியிலிருந்து ஷாமசாஸ்திரி இந்நூலை 1909இல் அச்சிட்டார்.

பாசனுடையது எனப்படும் ‘அவிமாரகம்’ நாடகத்தில் வித்யாதரன் ஒருவன் நாயகனுக்கு மோதிரம் தருகிறான். வலக்கை விரலில் அணிந்தால் மறையலாம். இடக்கைக்கு மாற்றினால் பழைய உருவம். இந்நாடகமும் அடங்கிய சுவடிக்கட்டு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்து 1912 முதல் பதிப்பித்தவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த த. கணபதி சாஸ்திரி. பின்னாளில் அர்த்தசாஸ்திரத்துக்கு உரை கண்டவரும் அவரே.

இவ்விரு நூல்களிலும் மறைதலுக்கு ஒரு விலையோ வரம்போ இருக்கிறது. வரம்பே இல்லாத மறைப்பு ஒன்றும் நம் இலக்கியத்தில் உண்டு. அதன் விலையைச் செலுத்தியவன் கோவலன்.

சிலப்பதிகாரத்தின் பதினாறாவது காதையாகிய கொலைக்களக் காதையை நினைவுகூருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலனிடம் சிலம்பைக் கண்டதும் பழியை அவன்மீது சுமத்திக் காவலரை அழைத்துவருகிறான். பார்த்தவுடனேயே காவலர் தயங்குகிறார்கள்; இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்று வாய்விட்டே சொல்கிறார்கள். அவர்கள் கண் சரியாகத்தான் பார்த்தது.

பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகள் உண்டென விரிவுரை ஆற்றுகிறான். மந்திரத்தை நாவில் உருவேற்றினால், தேவகுமாரரைப் போல அவர்களும் நம் கண்ணுக்குப் புலப்படார் என்கிறான். காவலருள் ஒருவன் தன் அனுபவத்தைச் சேர்க்கிறான்: மழைக்கால நள்ளிரவில் நீல ஆடையும் கையில் உளியுமாக ஒருவன் வந்தான்; நான் வாளை உருவினேன்; அதைப் பறித்துக்கொண்டான்; பிறகு எந்தப் பக்கத்திலும் அவனைக் காணவில்லை. அந்தக் கதை முடிந்ததும், கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இந்த இடத்தை முன்பெல்லாம் விதியின் வலிமை என்றே வாசித்திருந்தேன். இப்போது வேறொன்றும் தெரிகிறது. பொற்கொல்லன் சொன்ன மாயத்துக்குத் தடம் இல்லை, ஓசை இல்லை, கலையும் கணம் இல்லை. கள்வனைக் காணாவிட்டால் அது அவன் மந்திரம். கண்டவன் நல்லவனாகத் தோன்றினால் அது அவன் தந்திரம். எதைக் கண்டாலும் குற்றமே உறுதியாகும். இத்தகைய வாதத்தின் முன் நிற்பவன் தன்னை நிரூபிக்க எந்த வழியும் இல்லை. மறையாமல், பட்டப்பகலில், கையில் சிலம்போடு நின்ற ஒருவனை, மறையக்கூடியவன் என்று சொல்லியே கொன்றார்கள். அங்கே உண்மையில் எவர் கண்ணுக்கும் படாமல் நின்ற திருடன், பேசிக்கொண்டிருந்த பொற்கொல்லன்தான்.

சோதனைக்கு வழி இருந்தது. கண்ணகி அவையில் அதைச் செய்து காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன்னுடையதில் மாணிக்கம். உடைத்ததும் உண்மை தெறித்துவிட்டது. சிலம்புக்குள் மறைந்திருந்த பரல்களை வெளிக்கொணர ஒருகணம் போதுமாயிருந்தது. அந்த ஒருகணத்தைக் காவலர் கோவலனுக்குத் தரவில்லை.

பொற்கொல்லனின் எட்டுத் துணைகளை இன்று யாரும் நம்புவதில்லை. ஆனால் பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற வதந்தியை நம்பி, 2018இல் தமிழ்நாட்டிலும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அங்கும் கண்ணெதிரே நின்றவர்களை எவரும் பார்க்கவில்லை. மாயத்துக்கும் விதி வேண்டும் என்று அடம்பிடித்த படப்பைச் சிறுவர்கள் என் கண்ணுக்கு விளையாட்டுப் பிள்ளைகளாகத் தோன்றவில்லை.