காது குத்திய பிறகு

காதுகுத்து என்றதும் தாய்மாமன் மடியும் மொட்டையும் கறிவிருந்தும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வழக்கத்தின் உண்மையான அறிவு பந்தல் பிரித்தபின் வரும் நாட்களில்தான் இருந்தது என்பேன். சுஸ்ருத சம்ஹிதையில் சூத்திரஸ்தானத்தின் 16ஆம் அத்தியாயமே சான்று. குழந்தையின் 6 அல்லது 7ஆம் மாதத்தில், வெயில் ஊடுருவித் தெரியும் இடமாகப் பார்த்துக் குத்தச் சொல்லும் அந்நூல் அதோடு நிற்பதில்லை. துளையில் பஞ்சுத் திரியிட்டு எண்ணெய் விட வேண்டும். மூன்று நாளுக்கொருமுறை சற்றே தடித்த திரி மாற்ற வேண்டும். வீங்கினால் திரியை உருவிவிட்டு, அதிமதுரம், ஆமணக்கு வேர் முதலியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் கூட்டிப் பூசி, ஆறியபின் மறுபடி குத்தலாம். தவறு நேரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் மருத்துவம் இது.

நம் ஊர் ஆசாரி செருகிய மெல்லிய தங்கக் கம்பி, வீட்டில் தடவிய மஞ்சளும் தேங்காயெண்ணெயும், பிறகு வேப்பங்குச்சி எல்லாம் அதே கவலையின் வேறு வடிவங்கள். இன்றைய மருத்துவர் இவற்றை விலக்கி உப்புநீரால் கழுவச் சொல்கிறாரே, அப்படியானால் பழையது மூடத்தனமா என்று கேட்கலாம். இல்லை, நோய்க்குக் கிருமி காரணம் என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. தங்கத் தேர்வு இன்றும் சரி, நிக்கல் கலந்த மலிவுத் தோடுதான் பலருக்கு ஒவ்வாமை தருகிறது. அதற்காக எண்ணெயையும் திரியையும் கொண்டாட வேண்டியதில்லை. எண்ணெயில் அழுக்கு ஒட்டும், அடிக்கடி மாற்றினால் ஆறும் தோல் கீறும். மடல் ஆற 6 வாரமாவது வேண்டும், மேல்காதின் குருத்தெலும்புக்குப் பல மாதங்கள். அங்கே வீங்கிச் சிவந்தால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.