கூலியாள் பங்காளியான வரலாறு

இந்நாட்டுத் தோட்டங்களில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியவர்கள் நம் மூதாதையர். அக்கோயில்கள் நின்ற நிலமோ கம்பெனிக்குச் சொந்தம். குடியிருந்த லயமும் அவ்வாறே. ஒரு பிடி மண்ணும் தமதல்லாத இடத்தை அவர்கள் 'நம் தோட்டம்' என்று கருதினார்களா என்பது, பெரும்பாலும் அவர்களை வழிநடத்தியோரைப் பொறுத்தே அமைந்தது.

தொடக்கத்தில் தலைவர் என்றால் கங்காணியே. ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்தவரும் கடன் கொடுத்தவரும் அவர்தாம். உறவும் ஊரும் ஒன்றென்பதால் ஓரளவு பிடிப்பு இருந்தது. ஆயினும் ஆள் வேலைக்கு இறங்கிய நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என அவருக்குத் தனிப்பணம் உண்டு. காய்ச்சல்காரனையும் பெரட்டுக்கு அழைக்கத் தூண்டும் ஏற்பாடு அது! 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தபின் கங்காணியின் செல்வாக்குச் சரிந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. முன்னின்றவர் 'தமிழ் நேசன்' துணையாசிரியர் ஆர். எச். நாதன். கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைக்கப்பட்டது: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சம்பளக் கணக்கில் இடம்பெறாத கோரிக்கை இது. எனினும் இதற்கே நான் முதலிடம் தருவேன். அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு துன்பம் சூழ்ந்தது. வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். ஒரே கையெழுத்தில் வேலையும் வீடும் போயின. கோயிலும் பள்ளியும் கேள்விக்குறியாயின.

இந்நிலையில், அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டுமாறு தொழிலாளரிடம் எடுத்துரைத்தார். பால்மரம் வெட்டுவோரிடம் தோட்டம் வாங்கச் சொல்வதைப் பலர் பகற்கனவு என்றே எண்ணியிருப்பர். ஆனால் பணம் சேர்ந்தது. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. பின்னர் வேறு பல தோட்டங்களும் சேர்ந்தன.

அதனால் வேலை இலகுவாகிவிடவில்லை. விடியற்காலைப் பெரட்டும், வாளியும், கத்தியும், மழை வந்தால் கூலி போகும் கவலையும் இருந்தவைதாம். நிருவாகிக்குப் பணிந்தே நடக்க வேண்டியிருந்தது. மாறியது ஒன்று: கூட்டுறவில் பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு. சைக்கிளை விட்டு இறங்கி நின்றவரின் பிள்ளைகள், தம் தோட்டத்துக் கணக்கைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையைப் பெற்றனர்.